எண்பத்தேழு பேர்

"கையைத் தூக்குங்க ஆயா. இன்னும் கொஞ்சம்."

அக்குளில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கழுத்துச் சுற்று, முதுகு, பாவாடை நாடா கட்டும் இடுப்புத் தடம், தொடை இடுக்கு என்று எங்கும் இல்லை. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். ஏழு நாள் காய்ச்சல், தலைவலி. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. வெளியே டெங்கு என்று சொல்லியிருந்தார்கள். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் குடித்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னாத்தம்மா தேடறே என் ஒடம்புல?"

"ஒரு புண்ணு ஆயா. கறுப்பா, பீடியால சுட்ட மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது."

"வலிக்காத புண்ண யாரு பாத்தா?"

திரையை இழுத்துவிட்டு சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் நின்றார். ஆயாவிடம் கேட்டுக்கொண்டு இடது மார்பைத் தூக்கிப் பார்த்தோம். அடிமடிப்பில் ஒரு மிளகைவிடச் சற்றுப் பெரிதாகக் கறுத்த பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம். "அதுவா? மச்சம்னு இல்ல நெனச்சேன்" என்றார் ஆயா. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் மாலையும். மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை. 2016 ஜனவரியில் என் தீசிஸின் முதல் வரிசையில் ஏறியவர் அவர்.

சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், 2015-இல், பொது மருத்துவத்தில் எம்.டி. சேர்ந்தேன். 'டாக்டர் ஆஃப் மெடிசின்' என்பது அதன் முழுப்பெயர். "ஏற்கெனவே டாக்டர்தானே, மறுபடியும் எதுக்கு டாக்டருக்குப் படிக்கிறே?" என்று ஊரில் கேட்பார்கள். எம்.பி.பி.எஸ். இளநிலைப் பட்டம். அதன்மேல் மூன்று ஆண்டு வார்டிலேயே குடியிருந்து, ஓர் ஆய்வேடு எழுதி, நான்கு எழுத்துத் தாள்களும் நோயாளியைப் பார்த்துச் சொல்லும் செய்முறைத் தேர்வும் முடித்தால்தான் எம்.டி. அப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே நுழைவுத் தேர்வு வைத்தன. 2017-இலிருந்துதான் நீட் மதிப்பெண்ணும் மத்திய அரசின் பொதுக் கலந்தாய்வும் அந்த இடங்களுக்கும் வந்தன.

கட்டணத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. செய்யாறு பக்கம் அப்பாவுக்கு இருந்த நிலத்தில் கிணறு உள்ள பாகம் போயிற்று. மீதிக்கு வங்கிக் கடன். 'காசு கொடுத்து வாங்கின சீட்டு' என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அரசுக் கல்லூரியில் இடம் பிடித்த என் தோழி அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. ஆனால் அவள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் கிடப்பார்கள் என்று அவள் சொல்லும்போது எனக்கு உள்ளே ஒரு பொறாமை வரும். இவ்வளவு கேஸ் அவளுக்குத் தானாக வருகிறதே என்று. எங்கள் மருத்துவமனைக்கு நோயாளிகளை அழைத்துவரக் கல்லூரிப் பேருந்து காலை ஆறு மணிக்கே கிராமங்களுக்குப் போகும். ஜெனரல் வார்டில் படுக்கையும் சாப்பாடும் இலவசம். எங்கள் கட்டணத்தில் அவர்களுக்குப் படுக்கை, அவர்கள் உடம்பில் எங்களுக்குப் படிப்பு. இந்தக் கணக்கு முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகு ஓ.பி.யில் யாரிடமும் குரலை உயர்த்த முடியவில்லை.

சேர்ந்த ஆறு மாதத்துக்குள் ஆய்வுத் தலைப்பு முடிவாக வேண்டும். எங்கள் கைடு, யூனிட் தலைவர், எல்லோருக்கும் வெறும் 'சார்'. அவர் தந்த பட்டியலில் சர்க்கரை நோயும் இருந்தது, மாரடைப்பும் இருந்தது. அவற்றுக்கு ஆண்டு முழுவதும் ஆள் கிடைக்கும். நான் ஸ்க்ரப் டைபஸைக் கேட்டேன். "சீசன் நோய்மா. ஆள் கிடைக்காமத் திண்டாடுவே" என்றார். கிராமத்துப் பிள்ளை நான். சுள்ளி பொறுக்கப் போய்க் காய்ச்சலில் விழுந்த சொந்தங்களை அறிந்தவள். பிடிவாதமாக அதையே எடுத்தேன்.

உண்ணிக் காய்ச்சல் என்று நம் சுகாதாரத் துறை சொல்வது இதைத்தான். புதர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணிய உண்ணி. அதன் வளர்ந்த பருவம் மண்ணோடு இருந்துவிடும். குஞ்சுப் பருவம் மட்டும் எலி, மனிதர் என்று வெப்பமான உடம்பைத் தேடி ஏறும். ரத்தம் குடிப்பதில்லை, தோலின் திசுநீரை உறிஞ்சும். அப்போது ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற கிருமி உள்ளே போகிறது. உண்ணி முட்டை வழியாகவே தன் குஞ்சுகளுக்கும் அதைக் கொடுத்துவிடுவதால், எலிக்குத் தொற்று இல்லாவிட்டாலும் உண்ணிகளிடையே கிருமி வம்சாவளியாக நிற்கும். கடித்த இடத்தில் வரும் கறுத்த பொருக்குதான் எஸ்கார். அதைக் கண்டுவிட்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து சில ரூபாய் மாத்திரை. விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகத் தொடும். ஆடு மேய்ப்பவர்கள், விறகுக்குப் போகிறவர்கள், வயல் வரப்பில் ஒதுங்குகிறவர்கள், நூறு நாள் வேலையில் ஏரிக்கரைப் புல்லில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறக்கிற பெண்கள். என் வரிசைகளில் வந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

எத்தனை பேர் வேண்டும் என்பதைச் சமூக மருத்துவத் துறையின் புள்ளியியலாளர் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். நாலு பி க்யூ, வகுத்தல் டி ஸ்கொயர். பாதிப் பேருக்கு எஸ்கார் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் பி 50, க்யூ 50. பிழை 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் டி 10. பத்தாயிரத்தை நூறால் வகுத்தால் நூறு. நூறு பேர். எண் அழகாக வந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

2015 டிசம்பரில் கூட வேண்டிய நெறிமுறைக் குழு, சென்னை வெள்ளத்தால் ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபோது சீசனின் வால்தான் மிச்சம். அதிலும் வெள்ளத்துக்குப் பிந்தைய அந்த ஆறேழு வாரத்தில் நிறையப் பேர் வந்தார்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் நான்கு பக்கம். குழுவுக்காக எழுதிய தமிழ் அது. 'தாங்கள் இவ்வாய்வினின்றும் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்' என்று படித்தால் யாருக்குப் புரியும்? இரண்டு வாரத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு வாயால் சொல்லத் தொடங்கினேன். "உங்க காய்ச்சலப் பத்தி எழுதி வச்சிக்கப் போறேன். கொஞ்சம் ரத்தம் கூட எடுப்பேன். பேரு போட மாட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, மருந்து ஒரே மாதிரிதான்." சொல்லி முடித்தபின் படிவத்தைப் படித்துக் காட்டுவேன். படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தால் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் அடுத்த கட்டில்காரரின் மகனோ மகளோ போடுவார்கள். மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதனால எனக்கு ஒண்ணும் இல்ல, இனிமே வர்றவனுக்குத்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப எடுத்துக்கோ" என்று கையை நீட்டினார். நான்கு பக்கத்தில் குழுவால் சொல்ல முடியாததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று அன்று டைரியில் எழுதி வைத்தேன்.

எஸ்கார் தேடுவது கண்ணைவிடக் கூச்சத்தோடு சம்பந்தப்பட்ட வேலை. உண்ணிக்குஞ்சு ஏறி ஏறி, ஆடை இறுகும் இடத்தில், ஈரமும் சூடும் உள்ள மடிப்பில் போய் நிற்கும். மனிதர்கள் மறைக்கும் இடங்களும் அவையே. ஆண் டாக்டர் கேட்டால் பெண்கள் காட்ட மாட்டார்கள். நான் கேட்டால் ஆண்கள் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கேஸ் ஷீட்டில் 'எஸ்கார் இல்லை' என்று எழுதியிருப்பதில் பாதி 'பார்க்கவில்லை' என்பதுதான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நாற்பது பேர் உள்ள வார்டில் திரை இரண்டு, ராத்திரி பத்து மணி வெளிச்சம். நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பெண்களுக்கு சிஸ்டர் கூட நிற்பார். ஆண்களுக்கு என் ஜூனியர் பையன் பார்ப்பான். சந்தேகம் என்றால் மட்டும் என்னைக் கூப்பிடுவான். கறுப்பை மட்டும் தேடினால் போதாது என்பதையும் சார் சொல்லிக்கொடுத்தார். ஈர மடிப்பில் சில நேரம் பொருக்குக் கட்டாது. மஞ்சளாக ஆழமில்லாத புண்ணாக மட்டும் இருக்கும், வியர்வைப் புண் என்று விட்டுவிடுவோம். அப்படி நான் விட்டவை எத்தனையோ.

நோயை உறுதிசெய்ய ரத்தத்தில் ஐ.ஜி.எம். எலைசா பார்க்க வேண்டும். வெய்ல்-ஃபெலிக்ஸ் என்று ஒரு பழைய சோதனை உண்டு, 1916-இல் வந்தது. மலிவு, ஆனால் நம்பிப் படுக்க முடியாது. எலைசா கிட் என் கைக்காசு. ஒரு தட்டில் 96 குழிகள். நாலு பேருக்காகத் தட்டைத் திறக்க முடியாது. சீரத்தை உறைபெட்டியில் சேர்த்துவைத்து ஆள் கூடியதும் மொத்தமாக ஓட்டுவோம். அதனால் நோயாளிக்கு மருந்து எஸ்காரையும் அறிகுறியையும் வைத்துத்தான். எலைசா என் அட்டவணைக்கு. 'உங்களுக்கு என்ன நோய்' என்று உறுதியாகச் சொல்லும்போது அவர் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். போன் செய்து சொல்வேன். "இப்ப நல்லா இருக்கேம்மா" என்பார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வரிசையைப் பற்றி எழுதியாக வேண்டும்.

2016 நவம்பர் கடைசி. பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு வயதுப் பெண். கட்டட வேலைக்குப் போகிறவர். ஒன்பது நாள் காய்ச்சல். கையில் புது நோட்டு இல்லாததால் ஊரிலேயே ஊசி போட்டுக்கொண்டு நாள் கடத்தியிருந்தார்கள். மூச்சு வாங்கிய நிலையில் இரவு பதினொரு மணிக்கு வந்தார். டாக்ஸிசைக்ளின் உட்பட எல்லாமே அந்த மணி நேரத்திலேயே தொடங்கினோம். அதிகாலையில் வென்டிலேட்டர். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகன்தான் எனக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டான். "அம்மாவுக்கு இதனால ஏதாவது ஆவுமாக்கா?" என்று கேட்டான். ஆகாது, ரத்தம் மட்டும்தான் என்றேன். உடம்பு முழுக்கத் தேடினேன். எஸ்கார் இல்லை என்று ஆய்வுப் படிவமான புரொஃபார்மாவில் எழுதினேன்.

இரண்டாம் நாள் மாலை இறந்துபோனார். உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஐ.சி.யூ. அட்டெண்டர் அக்கா என்னைக் கூப்பிட்டார். "டாக்டரம்மா, நீங்க தேடுவீங்களே, அது இதுவா பாருங்க." வலது காதின் பின்னால், மயிர் தொடங்கும் கோட்டில். கறுத்த பொருக்கு. ஜடை அதன்மேல் கிடந்திருக்கிறது. சிமெண்ட் சட்டியைத் தலையில் சுமக்கும் பெண், சும்மாடு வைக்கும் தலை. அங்கே நான் பார்க்கவே இல்லை.

"முதல் மணியிலேயே மருந்து கொடுத்துட்டோம்மா. நீ பாத்திருந்தாலும் கொடுத்த மருந்து மாறியிருக்காது" என்றார் சார். உண்மைதான். புரொஃபார்மாவில் 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். இறந்தபின் கண்டது என்றும் குறித்தேன். அன்றிலிருந்து உச்சந்தலையில்தான் தொடங்குகிறேன். ஜடையை அவிழ்க்கச் சொல்லி, காதை மடக்கி, பிறகுதான் கழுத்து.

டிசம்பர் 12 வர்தா புயல். மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஐ.சி.யூ.வுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் போதும், ஆய்வகத்துக்கு எப்போது வருமோ தெரியாது. விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டிப் போய், உறைபெட்டியில் இருந்த சீரக் குப்பிகளை ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு அடுக்கி, ரத்த வங்கியின் உறைபெட்டிக்குக் கொண்டுபோனேன். இருட்டில் ஒவ்வொரு குப்பியையும் எண்ணி வைத்தேன். 53-ஐ எடுத்தபோது கை நின்றது.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் பொய்த்தது. வர்தா கொட்டியதோடு சரி. ஏரிகள் காய்ந்தன, புதர் கருகியது. ஜனவரியில் வாரத்துக்கு ஐந்து பேரை எதிர்பார்த்த இடத்தில் ஒருவர், சில வாரம் யாருமில்லை. ஜூனில் சேகரிப்புக் காலம் முடிந்தபோது எண்பத்தேழு.

அக்டோபரில் தீசிஸ் தர வேண்டும். ஏற்கெனவே இதையெல்லாம் கடந்துபோயிருந்த ஒருவர் சொன்னார், "பதிமூணுதானே? ஒரு ராத்திரி உக்காந்தா முடிஞ்சிடும். யாரு எண்ணப் போறா?" அக்கறையாகத்தான் சொன்னார். அன்றிரவு ஹாஸ்டலில் லேப்டாப்பைத் திறந்து ஆளுக்கொரு வரிசையாக விவரம் ஏறும் மாஸ்டர் சார்ட்டில் எண்பத்தெட்டாம் வரிசையைத் தொடங்கினேன். ஆம், தொடங்கினேன். பெண், வயது 45, விவசாயக் கூலி. காய்ச்சல் 6 நாள். தட்டணு ஒரு எண் போட்டேன். எஸ்கார் என்ற கட்டத்துக்கு வந்தேன். இருந்தால் 1, இல்லையென்றால் 0. 1 போட்டேன். இடம் என்று அடுத்த கட்டம் கேட்டது. அக்குள் என்று அடித்தேன். அந்தக் கையை யார் தூக்கிக் காட்டியது? திரையை யார் இழுத்தது? ஆயா மார்பைத் தூக்கக் கூசி முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவர் வரிசைக்கும் இந்த வரிசைக்கும் தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. வரிசையை அழித்தேன். அழித்தபிறகும் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாரிடம் போய் எண்பத்தேழுதான் என்றேன். அழித்த வரிசையைப் பற்றியும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மேசையில் இருந்த மருந்துக் கம்பெனி நோட்டில் கணக்குப் போட்டார். பத்தாயிரத்தை எண்பத்தேழால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தார். 10.7. "நூறு பேர் இருந்தா பிழை பத்து. எண்பத்தேழு பேருக்குப் பத்து புள்ளி ஏழு. இந்தப் புள்ளி ஏழுக்காகவாம்மா?" என்றார். பிறகு நெறிமுறைக் குழுவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் எழுதச் சொன்னார். பருவமழை பொய்த்ததையும் எண்ணிக்கை குறைந்ததையும் 'ஆய்வின் வரம்புகள்' என்ற பகுதியில் முதல் பத்தியாக வைத்தேன். குழு ஏற்றுக்கொண்டது.

நகல் சோதனை, கையெழுத்துகள், தங்க எழுத்து பதித்த ரெக்ஸின் அட்டை. இதையெல்லாம் எம்.டி. முடித்தவர்கள் அறிவார்கள்.

2018-இல் செய்முறைத் தேர்வு. தேர்வாளர்கள் நால்வர், இருவர் வெளியிலிருந்து. லாங் கேஸாக எனக்கு வந்தது இதய வால்வு நோயாளி. அதை முடித்து வைவாவுக்கு உட்கார்ந்தபோது வெளித் தேர்வாளர் ஒருவர் என் தீசிஸைக் கடைசிப் பக்கங்களில் திறந்து வைத்திருந்தார். முன்னுரையை யாரும் படிப்பதில்லை, மாஸ்டர் சார்ட்டைப் படிக்கிறவர்கள் உண்டு. "சாம்பிள் சைஸ் நூறு. ஏன் எண்பத்தேழு?" மழை பொய்த்தது என்றேன். விரலை வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டே வந்தார். "ஐம்பத்து மூணு. இடம், காதின் பின்புறம். பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி. என்ன அது?"

சொன்னேன். எப்போது கண்டோம், யார் கண்டார் என்பதையும் சொன்னேன். அட்டெண்டர் அக்கா என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் புத்தகத்தை மூடாமலே, "நன்றியுரையில அவங்க பேர் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த கேள்வி சிறுநீரகத்தைப் பற்றி.

இப்போது திண்டிவனம் பக்கம் நூறு படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். கடன் இன்னும் ஓடுகிறது. பனிக்காலம் வந்தால் காய்ச்சல்காரர்களின் ஜடையை அவிழ்க்கச் சொல்கிற டாக்டரம்மா என்று பெயர்.

2023-இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த பெரிய சோதனையின் முடிவு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. இந்தியாவில் ஏழு மருத்துவமனைகள், கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் 794 பேர். டாக்ஸிசைக்ளின் மட்டும், அஸித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு, நரம்பு வழியாக ஏழு நாள். மரணம், நீடித்த காய்ச்சல், தீராத சிக்கல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒற்றை மருந்தில் 47, 48 விழுக்காடு. இரண்டும் சேர்த்தபோது 33. இரவு ட்யூட்டி அறையில் மொபைலில் அதைத் திறந்தேன். 53-க்கு நாங்கள் கொடுத்தது ஒற்றை மருந்து. சுருக்கத்தைப் படித்து முடிக்காமல் இறப்பு அட்டவணையைத்தான் முதலில் தேடினேன். இருபத்தெட்டாம் நாள் இறப்பு மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வார்டிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டார், எட்டாம் கட்டிலுக்கு மறுபடி காய்ச்சல் என்று. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன்.